பனியில் நின்ற பிக்கப்

வெயில் பட்டுப் பனி கண்ணைக் கூசவைக்கிறது. ஏலத்துக்குப் போகவேண்டிய ஆப்பிள் பெட்டிகளோடு பிக்கப் நகர மறுக்கிறது. நான்கு சக்கரங்களையும் இயக்கும் ஃபோர் வீல் விளக்கு எரிந்தும் ஒரு சக்கரமும் சுழலவில்லை. எஞ்சின் திணறி நிற்கிறது.

"ஃபோர் வீல் கியர் சிக்கிக்கிச்சு," என்கிறார் தெத்சுசோ.

அவர் மனைவி கினுஎ குனிந்து பின்சக்கரத்தைத் தட்டுகிறாள். "இல்லைங்க, பிரேக் உறைஞ்சிருக்கு. நேத்து ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கு."

இரவுக் குளிரில் உறைந்துவிடும் என்பதால் இந்த ஊரில் குளிர்காலத்தில் யாரும் அதைப் போடுவதில்லை. ஓட்டுநர் இருக்கையில், பனியே விழாத தெற்குத் தீவிலிருந்து வந்த மருமகள் மிசாவோவின் கை, பிரேக் பிடியிலிருந்து மெல்ல நழுவுகிறது.

"யாரு போட்டது?" என்கிறார் தெத்சுசோ.

"நான்தான், மறதியில." கினுஎ வீட்டிலிருந்து கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து பின்சக்கரத்தில் ஊற்றுகிறாள். ஆவி எழுகிறது.

தெத்சுசோ மருமகளின் சிவந்த காதுகளைப் பார்க்கிறார்.

"சரி, இனிமே ரெண்டு பேருமே போடாதீங்க."