இருபத்து மூன்றாவது பாஸ்வேர்டு

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ரப்பர் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்தருக்கு, அடுத்தவர் பாஸ்வேர்டைச் சுமப்பதே அருவருப்பு. இருபத்திரண்டு பேருக்கும் அவர்தான் மாற்றித் தர வேண்டும். பழைய காதலி பெயர், முதலாளியைத் திட்டும் கெட்ட வார்த்தை, எல்லாக் குப்பையும் அவர் தலையில். இந்தச் சனியனைத் தலைமுழுக, அவரவரே மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் செய்து வைத்தார். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் புதியதை ஏற்கும்.

மறுநாள் காலை பார்த்தால், இருபத்து மூன்று பேர் மாற்றியிருந்தார்கள்.

கூடுதல் ஆள் ஸ்டோர்ஸ் சின்னப்பன். மார்ச்சில் இறந்தவர். கஸ்டமர்கள் இன்னும் அவர் மெயில் முகவரிக்கே எழுதுவதால் அதை நீக்காமல் வைத்திருந்தார்கள். மனிதர் எச்சில் தொட்டு பில் புரட்டுவார், அதே விரலால் டைப் அடிப்பார். கீபோர்டே புகையிலை நாறும்.

ஸ்டோர்ஸுக்குப் போய், இப்போது அந்த சீட்டில் இருக்கும் ஜாஸ்மினிடம் கேட்டார். "சின்னப்பன் சார் பாஸ்வேர்ட நீயா மாத்துன?"

"பழசே எனக்குத் தெரியாதுண்ணா. ஆனா இந்த கீபோர்ட எவன் எச்ச பண்றான்னு தெர்ல. காலைலதான் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன், மறுபடி பிசுபிசுன்னு கீது. ச்சீ!"

அக்தர் அதைத் தொடவில்லை. சின்னப்பன் பெயரையே நீக்கிவிடலாம் என்று தன் அறைக்கு வந்து, தன் பாஸ்வேர்டை அடித்தார். தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தார். பத்து நிமிடம் முன்பு மாற்றப்பட்டுவிட்டது என்றது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். விரல் நுனிகள் ஒட்டிக்கொண்டு, நூல் இழுத்து வந்தன.