ஹப்பி அவர்ஸ் பெட்டிசம்

ஆழ்வாப்பிள்ளையர் சைக்கிளை மதிலில் சாத்துவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்ததும், நிமலினியிடம் சொல்ல ஒரு சாட்டும் மிச்சமிருக்கவில்லை.

கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்துக்குப் பக்கத்தில் ரைப்பிங்கும் போட்டோக் கொப்பியும் செய்கிற சின்னக் கடை அவளுடையது. மூன்று கிழமையாகக் கிழவர் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற ஒரு பெட்டிசத்தை ரைப் அடிக்கவென்று வந்து போகிறார்.

சும்மா ஆளில்லை. ஒருகாலம் கிராம அலுவல் பார்த்த பழைய விதானையார். அவர் எழுதிய பெட்டிசம் ஒன்றும் இதுவரை வீணாய்ப் போனதில்லை. ஒன்றில் பஸ் நிற்கிற இடமே மாறினது. இன்னொன்றில் ஒரு கள்ளுத் தவறணை இழுத்து மூடப்பட்டது.

இந்தமுறை ரவுணில் முளைத்திருக்கிற ஹப்பி அவர்ஸ் கடைகளில் கை வைத்திருக்கிறார். பின்னேரம் அஞ்சிலிருந்து ஏழு வரைக்கும் குடிவகை பாதி விலை. இளசுகள் பழுதாய்ப் போகுதுகள் என்று, என்றைக்கும் ஒத்துப்போகாத கோயில் பெரியாக்களும் சேர்ச் பெரியாக்களும் ஒன்றாய்க் கூடி, எழுதுகிற வேலையை அவர் தலையில் போட்டுவிட்டார்கள்.

அந்த றோட்டில் ஏழு கடை. ஆறாவது கடை நிமலினியின் புருசன் றெஜியுடையது. கட்டாரில் ஒன்பது வருசம் வெய்யிலில் காய்ந்துவிட்டு வந்து திறந்தது. ஐந்து மாதந்தான் ஆகிறது. இந்தப் பெட்டிசம் போனால் பூட்டுத்தான்.

அதை அவள் அவருக்குச் சொல்லவில்லை. முதல் கிழமை கரண்ட் இல்லை என்றாள். அடுத்த கிழமை மெசினில் மை முடிந்தது என்றாள். பிறகு, அடித்ததெல்லாம் அழிந்துபோச்சு என்றாள். வயது போன மனிசனை ஏய்க்கிறேனே என்று ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பாட்டு வாயில் வரவில்லை.

"என்ன பிள்ளை, இண்டைக்குக் கரண்ட் இருக்கோ?"

"ஓம் ஐயா. இருங்கோ."

"முதல் மூண்டு கடையும் இந்தத் தாளிலை எழுதிக் கொண்டந்திருக்கிறன், பிறகு அடி. இப்ப நாலாம் இலக்கத்திலையிருந்து சொல்லுறன். நாலாம் இலக்கம், மேல்மாடிக் கடை. கணவாய் டெவில் நல்ல உறைப்பு. யன்னல் பக்கம் இருந்தால் காத்து அள்ளிக்கொண்டு வரும்."

நிமலினியின் விரல் நின்றது.

"ஐயா, உது பெட்டிசமோ, விளம்பரமோ?"

"பெட்டிசத்திலை பொய் எழுதக்கூடாது பிள்ளை. பாராமல் எழுதலாமோ? ஒவ்வொரு கடையா ஏறி இருந்து பாத்தனான்."

"குடிச்சனீங்களோ?"

"சீச்சீ! சோடா."

சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"முதல் நாள்."

எவ்வளவு அடக்கியும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அஞ்சாம் இலக்கம். முந்தி அது ஐஸ்கிறீம் கடை. கலியாணம் முடிச்சு மூண்டாம் நாள் பத்மாவதியைக் கூட்டிக்கொண்டு போனனான். ஒரு கப், ரெண்டு கரண்டி. அவள் எங்கை திண்டவள்? கரண்டியைக் கடிச்சுக்கொண்டு றோட்டையே பாத்துக்கொண்டிருந்தவள். எவ்வளவு லைற்றப்பா எண்டாள்."

"இதையும் அடிக்கவோ ஐயா?"

"வேண்டாம். அதை விடு."

அவள் அடித்திருந்தாள். அழிக்க மனம் வரவில்லை.

"பிறகு சண்டை வந்து அந்த லைற்றெல்லாம் போச்சு. நீ அப்ப சின்னப்பிள்ளை. ஆறு மணிக்கு ஊரடங்கு. அஞ்சுக்கே கதவைப் பூட்டிப்போட்டுப் போத்தில் விளக்கோடை குந்தியிருப்பம். அந்த றோட்டிலை ஒரு நாயும் நிக்காது. அவள் அந்த இருட்டுக்குள்ளையே போய்ச் சேந்திட்டாள்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன மாசம் அதே இடத்திலை இருந்து பாக்கிறன். பின்னேரம் ஆறு மணி. பொடியள், பெட்டையள், பிள்ளை குட்டியோடை குடும்பங்கள். ஒரே சிரிப்பு. ஒருத்தரும் மணிக்கூட்டைப் பாக்கேல்லை."

பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சரி. ஆறாம் இலக்கம்."

நிமலினி இலக்கத்தை மட்டும் அடித்தாள்.

"அந்தக் கடை முதலாளிப் பொடியன் மேசைக்குக் கிட்ட வந்து, 'என்னய்யா, தனியவோ வந்தனீங்கள்?' எண்டு கேட்டான். கதிரையை இழுத்துப்போட்டு, பத்து நிமிசம் என்னோடை இருந்து கதைச்சான்..."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"ஐயா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். கரண்டும் இருந்தது, மையும் இருந்தது. ஒண்டும் அழியவுமில்லை. அது என்ரை மனுசன்ரை கடை. உதை என்ரை கையாலை அடிச்சு முடிக்கேலாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேறை கடையிலை குடுங்கோ."

அவர் எழுதிக் கொண்டுவந்த தாள்களை அடுக்கி நீட்டினாள்.

கிழவர் வாங்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"எழுதமாட்டன் எண்டு அந்தப் பெரியாக்களுக்கு முன்னாலை சொல்ல எனக்கு வாயில்லை, பிள்ளை. கச்சேரியடியிலை ரைப்பிங் கடை பத்துக்கு மேலை இருக்குது. இதை அடிச்சு முடிக்கவே மாட்டாத ஆள் ஆரெண்டு விசாரிச்சுத்தான் உன்னட்டைக் கொண்டந்தனான்."