கயிற்றுக்கு எட்டாதவள்

பாறைக்குப் பின்னால் கித்சோவின் கம்பளித் தொப்பி தெரிந்தது.

வாசிலோ பார்க்காதது போல நடந்தாள். கல்லுடைக்கும் பள்ளத்திலிருந்து அந்தக் கொத்தன் புதுக் கயிற்றோடு முன்னால் ஏறிப் போனதை அப்போதே கவனித்துவிட்டாள்.

பிந்தோஸ் மலையில் பனி உருகி வந்த வெள்ளத்தில், பாலத்தின் நடு வளைவு இரண்டு வருஷமாகக் கட்டக் கட்ட விழுந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்பு காயும் முன்னே சாரத்தைப் பிரித்தது யார் என்று மேஸ்திரியை வாசிலோவைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. பாலத்துக்கு ஒரு நிழல் வேண்டும் என்றுதான் பேச்சு.

ஆளுக்குத் தெரியாமல் நிழலை முழு நீளத்துக்கும் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றை அடிக்கல்லுக்குக் கீழே மூடிவிட்டால் பாலம் நிற்கும். நிழலுக்குரிய ஆள் நாற்பது நாளில் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். சோளரொட்டிக்கு வழியில்லாத இரண்டு பேர்தான் இன்னும் கல் சுமக்கிறார்கள். வாசிலோ ஒருத்தி. பின்னால் வந்துகொண்டிருக்கும் லம்ப்ரினி இன்னொருத்தி. அவளுக்கு ஏழு மாதம்.

வாசிலோ கூச்சல் போட்டிருக்கலாம். போட்டால் கித்சோ ஓடிவிடுவான். நாளைக்கு லம்ப்ரினிக்குப் பின்னால் வந்து நிற்பான்.

பாறையைத் தாண்டியதும் நின்றாள். காலை வெயில் முகத்துக்கு நேரே. நிழல் பின்னால் விழுந்து கிடந்தது.

முட்டியில் கையூன்றி, மூச்சு வாங்குகிறவளைப் போலக் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். முதுகுக் கூடை பிடரியில் ஏறியது.

சரளையில் கயிறு இழுபடும் சத்தம். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கை. காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

கத்தி ஒருமுறை மண்ணைக் கீறியது. அந்த அளவுக்குக் கயிறு அறுந்தது.

அவனுக்கும் மூச்சு வாங்கியது. பயந்துதான் செய்திருக்கிறான். நிழலைப் பார்க்கிறவன் ஆளைப் பார்ப்பதில்லை. சரிவில் இறங்கி ஆற்றுப் பக்கம் ஓடினான்.

லம்ப்ரினி வந்து சேரும்வரை வாசிலோ அசையவில்லை.

“ஏன்க்கா, கெழவியாட்டம் மடங்கி நிக்கிற? நேத்து மேஸ்திரிய நடுரோட்டுல நிறுத்தி வாங்கு வாங்குன்னு வாங்கினவ நீதானே?” என்றபடி லம்ப்ரினி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி! ஒரு கல்லுகூட இல்ல!”

“கல்லு இருந்தா இம்புட்டுக் குனிய முடியுமாடி? குப்புற விழுந்திருப்பேன்.”

லம்ப்ரினியின் கூடையிலிருந்து இரண்டு பெரிய கற்களை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு முதுகை நிமிர்த்தினாள்.

நிழல், கத்தி கீறிய கோட்டைத் தாண்டி, லம்ப்ரினியின் கால்களையும் தாண்டிப் பாதையில் நீண்டது.