ஜனவரி முட்டாள்

"ஏணி, பால், ஜன்னல், கரடி, சோப்பு, ஆணி, துண்டு, மழை, சாவி, ஆரஞ்சு."

டாக்டர் மிட்ஜ்லி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏணி" என்றான் கிரேக் ஓல்ராய்ட். "பால்."

கூரையைப் பார்த்தான்.

"கரடி. அப்புறம் ஒரு தட்டு மீனும் சிப்ஸும், வினிகர் தூக்கலா."

வாசலில் நின்ற ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். அவரவர் முறைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பேர். வந்தது இவனுடைய வேடிக்கையைப் பார்க்க.

ரக்பி லீக் ஆடுகிறவர்களின் மூளையை, சீசன் தொடங்குமுன், ஜனவரியில் அளந்து வைத்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் பக்கத்து அறையில் உட்காரவைத்து மறுபடியும் அளப்பார்கள். ஜனவரி அளவுக்குக் கீழே போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

ஆகவே, ஜனவரியில் முட்டாளாக இருப்பவன் ஜூனில் மைதானத்துக்குத் திரும்பலாம்.

இதைக் கண்டுபிடித்தது ஓல்ராய்ட்தான் என்பது அந்த அணியில் ஐதீகம். மற்றபடி அவன் ஆட்ட வாழ்க்கையில் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. முன்வரிசைக்காரன். பந்தை வாங்கி, எதிரே நிற்கிற மூன்று பேர் மீது தலையைக் குனிந்துகொண்டு மோதுவான். எழுந்து, மறுபடியும் மோதுவான். பதினாறு வருஷமாக இதற்குத்தான் சம்பளம்.

"சுத்திப் போகலாமேன்னு ஒருநாளும் தோணலை" என்று விருந்துகளில் அவனே சொல்வான். அவன் வாழ்நாளில் எடுத்த மிகச் சிறந்த புள்ளி, வழுக்கி விழுந்து எடுத்தது. அதையும் அவனே சொல்வான்.

"மாசத்தைப் பின்னாலேர்ந்து சொல்லு" என்றார் டாக்டர்.

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்." மூக்கைத் தடவினான். "ஆகஸ்ட்."

"பெருசு, செப்டம்பர் எங்க? இறுதிச் சுற்று எப்ப ஆடறது?" என்று வாசலிலிருந்து கத்தினான் ஹெப்வர்த். அணியிலேயே சின்ன உடம்பு, பெரிய வாய்.

"நமக்கு எதுக்குடா செப்டம்பர்?"

இதற்கு டாக்டரே சிரித்துவிட்டார்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றான். பிறகு நிற்கவில்லை. எடை பார்க்கும் மெஷினைக் கட்டிக்கொண்டு அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தான்.

கைதட்டல்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கிரேக், போன வருஷத்தைவிட மோசம். இதை மேல அனுப்பினா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க. நடிப்பைக் குறைச்சுக்கோ. போன வருஷ அளவுக்காவது வந்துடு, போதும்."

வராவிட்டால் தலையைப் படம் எடுக்க லீட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அப்படிப் போன முப்பத்தைந்து வயது முன்வரிசைக்காரன் எவனும், அவனுக்குத் தெரிந்து, திரும்பி வந்து ஆடியதில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. மோதுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது.

"சரி, டாக்டரம்மா."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஆட்டம் தொடங்கி முதல் பந்து தன்னை நோக்கி இறங்கும்போது செய்வதுபோல் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

டாக்டர் வேறு பத்து வார்த்தைகளை எடுத்தார். நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வழக்கத்தைவிட மெதுவாக. சலுகைதான்.

"பாலம்" என்றான்.

வெளியே யாரோ இருமினார்கள்.

"பாலம். குதிரை."

அவன் மேல் உதட்டில் வேர்த்திருந்தது. அறையில் ஹீட்டர் போடவில்லை.

"குதிரை சொல்லிட்டேனா?"

"யாராவது இந்தாளு நடிப்புக்கு ஒரு கோப்பையைக் குடுங்கய்யா" என்றான் ஹெப்வர்த். "முகத்தைப் பாரு, அழுதுடுவான் போல!"

டாக்டரும் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பி வைத்தார்.

"போதும்டா. மிச்சத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க? காதோட சொல்லு, நான் எழுதிக்க மாட்டேன்."

ஓல்ராய்ட் வாயைத் திறந்தான். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். எல்லாரும் அதற்காகத்தான் நிற்கிறார்கள். தேடினான். அதுவும் வரவில்லை.

"இவ்வளவுதான் இருக்கு, டாக்டரம்மா."

வாசல் அதிர்ந்தது. ஹெப்வர்த் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதினாறு வருஷத்தில் ஓல்ராய்ட் இப்படி ஒரு சிரிப்பை வாங்கியதில்லை.

முதலில் கேட்டபோதும் அவன் எதையும் ஒளிக்கவில்லை.

எல்லாரும் சிரிக்கிறார்கள் என்பதால் அவனும் சிரித்தான். கொஞ்சம் பிந்தி.

டாக்டர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசலுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரு வர்றாங்க, கிரேக்?"

ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி அது.

சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. இந்த வருஷம் அவன் இன்னும் யார் மீதும் மோதவில்லை.