இராஜரட்ணத்தின் புழு

இராஜரட்ணம் கதவடியில் நின்று கோட்டுக்குள் கையை விட்டு மாஜரின் டப்பாவை வெளியே எடுத்தான்.

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தொண்ணூற்றேழு பெப்ரவரி, வெளியே மைனஸ் பதினெட்டு. புழுவுக்குக் குளிர் பிடித்துவிடுமாம்.

மார்க்கம் நகரிலிருந்து வோபர்னில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். ஒரு பல்லிக்குச் சாப்பாடு கொடுக்க எவன் அப்படி வருவான்? நான் படிக்காதவன்தான். விசரன் இல்லை.

"வாங்கோ அண்ணை. ஐயோ, கை விறைச்செல்லோ போச்சு," என்றாள் என் மனைவி றோஸ்மேரி.

அவனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. எனக்கென்றால், ஒருதரம் ஊறின பையையே இன்னொருதரம் முக்கித் தருவாள்.

பல்லி இங்கே வந்தது ஒக்ரோபரில். கோயிலுக்கு வருகிற யாரோ ஒருத்தி வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனது என்று சொல்லி, றோஸ்மேரி அதைக் கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, ஒரு சாண் நீளம். எங்கள் ஊர்ப் பல்லி போல இல்லை. இதற்கு இமை இருக்கிறது, கண்ணை மூடித் திறக்கும்.

அடுத்த சனிக்கிழமையே இவனும் டப்பாவோடு வந்து நின்றான். பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

சும்மா கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை.

டப்பாவைத் திறந்தான். ஓட்ஸுக்குள் புழுக்கள் நெளிந்தன. புதிதாகத் தோல் கழற்றிய புழு வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அதை மட்டும் தேடித் தேடிப் பொறுக்கினான். தோல் முற்றினது பல்லிக்குச் செமிக்காதாம். பொறுக்கியதைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவில் பிரட்டினான். அது எலும்புக்காம்.

றோஸ்மேரி புழுப் போட ஒரு பீரிஸ் தட்டை ஏந்திக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். இரண்டு தலையும் முட்டுகிற மாதிரி.

நாற்பத்தொரு வருசம். எனக்கு ஒருநாள் மீனில் முள் பார்த்துத் தந்திருப்பாளா?

இவனுடைய புழுவை நிறுத்தத்தான் நான் சில்வண்டு வளர்த்தேன்.

ஆறு கிழமைப் பாடு. அலுமாரிக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே முட்டை மட்டை, மேலே ஒரு பல்ப். தண்ணீர் வைத்தால் விழுந்து சாகும். நனைத்த பஞ்சு வைத்தேன். ஈர மண்ணில் முட்டை இட்டது. கடுகு மாதிரிக் குஞ்சு வந்தது. கரட்டும் கீரையும் நல்லதாகப் பார்த்துப் போட்டேன். பூச்சி தின்பதுதானே பல்லியின் வயிற்றுக்குள் போகிறது.

பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு அகலமோ, பூச்சி அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பூச்சி வாங்கின செல்லப்பிராணிக் கடைக்காரன் விரலை வைத்துக் காட்டினான். அவன் சொன்ன இங்கிலீசு விளங்கவில்லை. விரல் விளங்கியது.

இன்றைக்கு என் பூச்சி சரியான அளவு. ஒரு வசனமும் ஆயத்தமாக வைத்திருந்தேன்: இனி நீர் வரத் தேவையில்லை.

"உந்தப் புழு டப்பாவை அங்கால வையும்," என்று சொல்லி, பூச்சி பிடித்து வைத்திருந்த போத்தலைத் தட்டி ஒன்றைத் தொட்டிக்குள் விட்டேன்.

"சோக்கான பூச்சி அண்ணை," என்றான்.

முகத்தில் துளி எரிச்சல் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இவனுடைய மகன் வாங்கியிருக்கும் வீட்டில் மேலே நாலு அறை. இரண்டு கார் விடுகிற கராஜ். தமிழ்க் கடை வாசலில் நின்று போகிற வருகிற எல்லாருக்கும் சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"அவ்வளவு பெரிய வீட்டில இருந்துகொண்டு வெறும் புழுவோ வளக்கிறீர்? இந்த ரெண்டு அறைக்குள்ள நான் பூச்சி வளத்துக் காட்டியிருக்கிறன், பாரும்!"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்," என்றாள் றோஸ்மேரி.

அவனுக்காக என்னை அதட்டுகிறாள்.

பல்லி தொட்டிக்குள் கிடந்த ஓட்டுத் துண்டுக்குக் கீழிருந்து வெளியே வந்தது. என் பூச்சி அதன் மூக்குக்கு நேரே நின்று மீசையை ஆட்டியது. பல்லி அதைப் பார்க்கவே இல்லை. இராஜரட்ணம் தொட்டிக்குள் கையை நீட்டியிருந்தான். அவன் உள்ளங்கையில் ஏறியது. மணிக்கட்டில் தாடையை வைத்தது. கண்ணை மூடியது.

ஐந்து மாதமாக என் வீட்டில் இருக்கிற பல்லி. என் கையில் ஒருநாளும் ஏறினதில்லை.

"பூச்சி சத்தம் போடும் அண்ணை. புழு போடாது," என்றான், என்னைப் பார்க்காமல். "கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறன். மருமோளுக்குத் தெரியாது."

ஒரு விரலால் பல்லியின் முதுகைத் தடவினான்.

"உவனையும் முதல் என்ர அறைக்குள்ளதான் ஒளிச்சு வைச்சிருந்தனான். ஒக்ரோபரில பிடிபட்டிட்டான்."

றோஸ்மேரி பீரிசைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடுக்கிடவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீடு மாறிப் போனவள் என்று ஒருத்தியும் இல்லை.

அப்போ நான் சந்தேகப்பட்டது பிழையில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை இந்த இரண்டு பேரும் ஐந்து மாதமாக என் வீட்டுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள்.

ஆயத்தமாக வைத்திருந்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

தின்னாத பூச்சியைத் தொட்டிக்குள் விட்டுவைக்கக்கூடாது. பல்லி படுத்திருக்கும்போது கடித்துப்போடும்.

கையை உள்ளே விட்டு, என் பூச்சியைப் பிடித்து வெளியே எடுத்தேன். மற்றக் கையால் மாஜரின் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.