எட்டாத தம்ளர்

"நல்லாத் தண்ணி குடி, அப்பத்தான் பால் ஊறும்" என்று சொன்ன மாமியார், கண்ணாடித் தம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டிலிலிருந்து அது கைக்கு எட்டாது. அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாமியாரும் நாத்தனாரும் மாறி மாறி முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையின் தலையைப் பிடித்துக்கொடுத்ததில், ஒருவழியாகப் பிள்ளை இப்போதுதான் மார்பைப் பற்றியபடியே கண்ணயர்ந்திருக்கிறது. அசைந்தால் வீலென்று கத்தும். கத்தினால் அத்தனை பேரும் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள். இடது கை மரத்துப்போய்விட்டது, தையல் போட்ட இடம் சுள்ளென்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தம்ளருக்குள் இறங்கிய வெயில் எதிர்ச் சுவரில் நெளிகிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவு மெல்லத் திறக்க, கணவன் நுனிக்காலில் வருகிறான். "ஏதாச்சும் வேணுமா?" என்று கிசுகிசுக்கிறான். வாய் திறக்கப் பயந்து அவள் கண்ணாலேயே ஜன்னலைக் காட்டுகிறாள். அவன் திரும்பிப் பார்த்து, புரிந்துவிட்டதாகத் தலையாட்டுகிறான். "வெளிச்சம் கண்ணைக் கூசுதா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றபடி திரையை ஓசைப்படாமல் இழுத்து மூடுகிறான். சுவரில் நெளிந்த ஒளி அணைகிறது. கூடத்திலிருந்து அவன் குரல் கேட்கிறது: "யாரும் உள்ள போகாதீங்க, நிம்மதியா இருக்கட்டும்." இருட்டில் பிள்ளை மறுபடி சப்பத் தொடங்குகிறது.