கட்டில் கால் துப்பாக்கி

"குழல் தெத்துவான் ஊர்க் கொல்லன் அடிச்சது. விசை பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது. பூண் எங்க வீட்டுத் தேநீர்த் தட்டுல வெட்டின வெள்ளி. வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில இப்படி ஒண்ணு மொராக்கோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது!" துப்பாக்கியை விற்கச் சந்தை நடுவில் நின்று கூவினார் புஷைப்.

"கட்டை?" என்றார் மிலூதி.

புஷைப் தயங்கினார். "மாமியார் கட்டில் கால்."

"அதான் லேட்டா எந்திரிக்குது!"

சந்தையே சிரித்தது.

இருவரும் குதிரைக் குழுத் தலைவர்கள். மீசை முளைத்த நாளிலிருந்து போட்டி. குதிரைகள் வரிசையாகப் பாய்ந்து வந்து நிற்கும்போது, அத்தனை துப்பாக்கியும் ஒரே வெடியாக வெடிக்க வேண்டும். புஷைப் குழுவில் மட்டும் 'டமார்' முடிந்து, தனியாக ஒரு 'டுப்' வரும். 'சுடு!' என்று கத்துகிற தலைவருடைய டுப்.

"துப்பாக்கி மேல தப்பில்லண்ணே. உங்க விரல்தான்..." என்று அவர் ஆள் ஹம்மாதி வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"இதை மிலூதிக்கே விக்கிறேன்டா! அவன் கையில நேரத்துக்கு வெடிச்சா நான் குதிரையை விட்டு இறங்கிடறேன். அப்புறம் ஏறவே மாட்டேன்."

சந்தையே கேட்ட சத்தியம் அது. மிலூதி விடுவாரா? கூட்டத்திலிருந்து முன்னால் வந்து நின்றார்.

"ஒரு கிழட்டுக் கடா தர்றேன்."

"பல்லு இருக்கா?"

"உன் துப்பாக்கிக்கு இருக்கற அளவு இருக்கு. நீ இறங்கிட்டா நான் யாரைய்யா ஜெயிக்கிறது?" கெக்கலித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

தர்காத் திருவிழா. முதலில் மிலூதி குழு பாய்ந்து வந்தது.

டமார்!

ஒரே வெடி. டுப் இல்லை.

புஷைப் மெல்ல இறங்கினார். கடிவாளத்தை ஹம்மாதியிடம் நீட்டினார். "இனிமே நீ பாத்துக்க."

ஹம்மாதி வாங்காமல் குனிந்து நின்றான்.

அதற்குள் புழுதி பறக்க வந்து நின்றார் மிலூதி. "யோவ், ஏமாத்துக்காரா! உன் துப்பாக்கி வெடிக்கவே இல்லய்யா! மத்தவனெல்லாம் சுட்டான், நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். உன் மாமியார் இன்னும் எந்திரிக்கல போல!"

நடுவர்கள் காதில் விழும்படிதான் கத்தினார். தலைவன் துப்பாக்கி வெடிக்காவிட்டால் பரிசு கிடையாது. அவர் ஆட்களே திகைத்துப் போய்ப் பார்த்தார்கள்.

"இந்தா உன் கட்டில். என் கடாவைக் குடு."

"அதை... அறுத்துச் சாப்பிட்டாச்சே."

"தின்னுட்டு இங்க நின்னு அழறியா? ஏறுய்யா குதிரையில!"

புஷைப் துப்பாக்கியை வாங்கினார். குழல் சூடாக இருந்தது.

"என்னய்யா, இப்படிச் சுடுது?"

"வெயில்ல காஞ்சிருக்கும்." மிலூதி குதிரையைத் திருப்பிக்கொண்டார்.

காலையிலிருந்தே வானம் மேகம் மூடிக் கிடந்தது.